மார்ஷல் 2204 ஆம்ப்பின் கெயின் பகுதியை மாற்றியமைக்க ஒரு முழு வழிகாட்டி

என்னிடம் வந்த மார்ஷல் 2204 கிட்டார் ஆம்ப் ஒன்றில் ஏற்கெனவே யாரோ கை வைத்திருந்தார்கள். முதல் வால்வில் (வெற்றிடக் குழாய்) 0.68 மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டர் இருக்க வேண்டிய இடத்தில் 22 மைக்ரோஃபாரட் இருந்தது. 10 கிலோஓம் ரெசிஸ்டர் இருக்க வேண்டிய இடத்தில் 1.5 கிலோஓம். கெயின், அதாவது சத்தத்தைப் பெருக்கும் அளவு, கூடியிருந்தது, சந்தேகமில்லை. ஆனால் ஆறாவது கம்பியில் ஒரு ரிஃப் வாசித்தால் ஒவ்வொரு அடியும் அடுத்த அடியோடு ஒட்டிக்கொண்டு சேறாகக் கலங்கியது. இரண்டையும் பழைய மதிப்புக்கே மாற்றினேன். கணக்குப்படி கெயின் பாதிக்கும் கீழே இறங்கியது. ஆம்ப்பின் சொந்தக்காரர் வாசித்துப் பார்த்துவிட்டு, "இப்பதான் நல்லா கெயின் வருது" என்றார்.

அவர் சொன்னது தப்பில்லை. காதுக்குக் கெயின் என்பது வெறும் எண் அல்ல. எந்த அதிர்வெண்ணை எந்த இடத்தில் எவ்வளவு பெருக்குகிறோம், அடுத்த நிலைக்குப் போகும் முன் எதைக் கழிக்கிறோம் என்பதுதான் கேட்கிறது. இந்த வழிகாட்டி முழுக்க அந்தக் கண்ணோட்டத்தில்தான் இருக்கும்.

எந்த ஆம்ப்

ஜிம் மார்ஷலின் லண்டன் கடையில் 1962-இல் உருவான ஜேடிஎம்45, ஃபெண்டர் நிறுவனத்தின் பாஸ்மேன் 5எஃப்6-ஏ ஆம்ப்பின் சுற்றை அடியொற்றியது. அந்தச் சுற்றில் கிட்டாரின் சத்தம் உடைய (கரகரப்பாகச் சிதைய) வேண்டுமானால் ஆம்ப்பை முழு வால்யூமில் வைக்க வேண்டும். 1970-களின் நடுவில், கெயினை ஏற்றியபடியே மொத்தச் சத்தத்தைத் தனியாகக் குறைக்கும் மாஸ்டர் வால்யூமோடு 2203, 2204 ஆகியவை வந்தன. இரண்டு சேனல்களாகப் பிரிந்து கிடந்த முதல் வால்வின் இரண்டு பாதிகளையும் ஒன்றன்பின் ஒன்றாகக் கோத்ததுதான் இவற்றில் நடந்த பெரிய மாற்றம். 1981-இல் வந்த ஜேசிஎம்800 வரிசையிலும் இதே சுற்று தொடர்ந்தது.

2203 நூறு வாட், 2204 ஐம்பது வாட். கெயின் பகுதி இரண்டிலும் ஒன்றுதான், ஆகவே கீழே சொல்வது இரண்டுக்கும் பொருந்தும். ஆனால் 2205, 2210 என்ற எண்கள் இருந்தால் நிறுத்திவிடுங்கள். அவை சேனல் மாற்றும் வசதியோடு, டையோடு வைத்துச் சத்தத்தை உடைக்கும் வேறு சுற்றுகள். வெளித்தோற்றத்தில் ஏமாந்துவிடலாம், பின்பக்கத் தகட்டில் உள்ள எண்ணைப் பாருங்கள்.

ஒலி போகும் பாதை

இதை ஒரு தாளில் நீங்களே வரைந்துகொள்ளுங்கள். வரையாமல் சால்டரிங் அயர்னைச் சூடாக்க வேண்டாம்.

வால்வின் ஒவ்வொரு பாதியும் ஒரு நிலை. பொதுவாகக் கிரிடில் சத்தம் நுழையும், பிளேட்டில் பெருகி வெளியே வரும், கேத்தோடு நிலத்தின் (கிரவுண்ட்) பக்கம் இருக்கும் முனை. கிட்டார் 'ஹை' உள்ளீட்டில் நுழைகிறது. 68 கிலோஓம் ரெசிஸ்டர் வழியாக முதல் நிலையின் கிரிடுக்குப் போகிறது. முதல் நிலையின் கேத்தோடில் 2.7 கிலோஓம், அதற்கு இணையாக 0.68 மைக்ரோஃபாரட். பிளேட்டில் 100 கிலோஓம். அங்கிருந்து 0.022 மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டர், அப்புறம் 470 கிலோஓம் ரெசிஸ்டரும் அதன் மேல் 470 பிகோஃபாரட்டும். அதைத் தாண்டினால் 1 மெகாஓம் கெயின் கண்ட்ரோல். இந்தக் கண்ட்ரோலின் மேல்முனைக்கும் நடுமுனைக்கும் இடையே 1000 பிகோஃபாரட் 'பிரைட்' கெப்பாசிட்டர் ஒன்று உட்கார்ந்திருக்கும்.

இரண்டாம் நிலையின் கேத்தோடில் 10 கிலோஓம் மட்டும், கெப்பாசிட்டர் இல்லை. மறுபடி 0.022 மைக்ரோஃபாரட், 470 கிலோஓமும் 470 பிகோஃபாரட்டும் சேர்ந்த ஜோடி. அதன் பிறகு நிலத்துக்கு இன்னொரு 470 கிலோஓம். அங்கேயே சத்தம் பாதியாகிறது. அடுத்தது 820 ஓம் கேத்தோடு கொண்ட மூன்றாம் நிலை. அதன் பிளேட் நேரடியாகக் கேத்தோடு ஃபாலோயரோடு (சத்தத்தைப் பெருக்காமல் வலுவாக மட்டும் அனுப்பும் நிலை) இணைந்து டோன் கண்ட்ரோல்களுக்குச் சத்தத்தைத் தருகிறது. டோன் கண்ட்ரோல்களுக்குப் பின்தான் மாஸ்டர்.

நாம் தொடப்போவது முதல் நிலையிலிருந்து மூன்றாம் நிலையின் கிரிட் வரைதான். கேத்தோடு ஃபாலோயரைத் தொட வேண்டாம். அதன் கிரிடிலும் கேத்தோடிலும் நூறு வோல்ட்டுக்கு மேல் நிற்கும், அங்கே மாற்றிப் பெறுவதற்கும் பெரிதாக ஒன்றுமில்லை. பவர் வால்வுகளின் பயஸையும் (சும்மா இருக்கும்போது ஓடும் மின்னோட்டத்தின் அமைப்பு) இந்த வேலை பாதிக்காது.

கொஞ்சம் கணக்கு

ஈசிசி83 என்றாலும் 12ஏஎக்ஸ்7 என்றாலும் ஒரே வால்வுதான். அதன் பெருக்குக் காரணி 100, உள் தடை சுமார் 62.5 கிலோஓம். பிளேட்டில் 100 கிலோஓம் இருந்து, கேத்தோடு ரெசிஸ்டருக்கு இணையாகப் பெரிய கெப்பாசிட்டரும் இருந்தால், ஒரு நிலையின் கெயின் சுமார் 61. கெப்பாசிட்டரை எடுத்துவிட்டால் கேத்தோடு ரெசிஸ்டர் கெயினைப் பிடித்து இழுக்கிறது: 820 ஓமில் சுமார் 41, 2.7 கிலோஓமில் 23, 4.7 கிலோஓமில் 16, 10 கிலோஓமில் எட்டரை. இவை ஏட்டு மதிப்புகளை வைத்துப் போட்ட கணக்கு. வால்வில் ஓடும் மின்னோட்டம் குறைந்தால் இவை கொஞ்சம் மாறும், ஆனால் திசையைக் காட்டப் போதும்.

இப்போது 0.68 மைக்ரோஃபாரட்டைப் பாருங்கள். 2.7 கிலோஓமோடு சேரும்போது, 87 ஹெர்ட்ஸுக்கு வெகு கீழே அது இல்லாதது போலவே இருக்கிறது. 230 ஹெர்ட்ஸைத் தாண்டிய பிறகு முழு வேலையைச் செய்கிறது. கிட்டாரின் ஆறாவது கம்பி 82 ஹெர்ட்ஸ். அந்த அதிர்வெண்ணில் முதல் நிலையின் கெயின் சுமார் 30. முதல் கம்பியைத் திறந்து வாசித்தால் வரும் 330 ஹெர்ட்ஸில் அது 52. அதாவது கனமான கம்பியின் அடிச்சுரம் பாதி பலத்தோடுதான் அடுத்த நிலைக்குப் போகிறது. ஆறாவது கம்பியில் உள்ளங்கையை வைத்து அடக்கி வாசிக்கும்போது அடிகள் தனித்தனியாகக் கேட்பதற்கு இது முக்கியக் காரணம். 22 மைக்ரோஃபாரட் போட்டால் 82 ஹெர்ட்ஸிலும் 61. அந்தப் பாஸ் முழுதும் உடையும் நிலைக்குள் போய் மற்ற எல்லாவற்றையும் தன்னோடு இழுத்துக்கொண்டு அமுங்கும். நான் பார்த்த அந்த ஆம்ப்பில் நடந்தது இதுதான்.

பாஸ் வேண்டுமென்றால் சத்தம் உடைந்த பிறகு டோன் கண்ட்ரோலில் கூட்டிக்கொள்ளலாம். உடையும் முன் கூட்டினால் பின்னால் எந்தக் கண்ட்ரோலாலும் சரிசெய்ய முடியாது.

உயிர் முக்கியம்

இந்த ஆம்ப்புக்குள் 400 வோல்ட்டைச் சுற்றிய நேர்மின்னழுத்தம் ஓடுகிறது. பிளக்கைப் பிடுங்கிய பிறகும் மின்வழங்கலில் உள்ள பெரிய ஃபில்டர் கெப்பாசிட்டர்கள் அதைப் பிடித்துவைத்திருக்கும். எத்தனை தடவை திறந்திருந்தாலும் கீழ்க்கண்ட வரிசையை மாற்றாதீர்கள்.

ஸ்டாண்ட்பை சுவிட்சை வாசிக்கும் நிலையிலேயே வைத்து மெயின் சுவிட்சை மட்டும் அணையுங்கள். சூடாக இருக்கும் பவர் வால்வுகளே பெரும்பாலான மின்னூட்டத்தை உறிஞ்சிவிடும். பிளக்கைச் சுவரிலிருந்து எடுத்து, கண்ணுக்குத் தெரியும் இடத்தில் வையுங்கள். சில நிமிடம் பொறுத்து மூடியைத் திறந்து, மல்டிமீட்டரின் கறுப்பு முனையைச் சேஸிஸில் (ஆம்ப்பின் உலோகப் பெட்டி) கிளிப் போட்டு மாட்டிவிட்டு, ஒரே கையால் ஒவ்வொரு ஃபில்டர் கெப்பாசிட்டரையும் அளந்து பாருங்கள். மறு கை பாண்ட் பாக்கெட்டில் இருக்கட்டும். மின்சாரம் ஒரு கையில் ஏறி மறு கை வழியே இறங்கினால் நடுவில் இருப்பது இதயம்.

மிச்சம் இருந்தால், இன்சுலேஷன் உள்ள கிளிப்புகளோடு கட்டிய 10 கிலோஓம் 10 வாட் ரெசிஸ்டர் ஒன்றை முதலில் சேஸிஸிலும் பிறகு கெப்பாசிட்டரின் நேர்முனையிலும் மாட்டிக் காலி செய்யுங்கள். ஸ்க்ரூடிரைவரால் நேராகத் தொட்டுப் பொறி பறக்கவிடும் பழக்கம் வேண்டாம், அது கெப்பாசிட்டரையும் கெடுக்கும். மீண்டும் அளந்து, எல்லாம் 5 வோல்ட்டுக்குக் கீழே வந்த பிறகுதான் விரல் உள்ளே போகலாம். வேலை முடியும்வரை முதல் ஃபில்டரில் அந்த ரெசிஸ்டர் மாட்டியே இருக்கட்டும். சுவிட்சைப் போடும் முன் அதை எடுக்க மறக்காதீர்கள்.

வீட்டு எர்த் பற்றியும் சொல்லியாக வேண்டும். கிட்டாரின் கம்பிகள் ஆம்ப்பின் சேஸிஸோடு இணைந்தவை. சேஸிஸ் சரியாக எர்த் ஆகவில்லையென்றால், கம்பியில் கையும் மைக்கில் உதடும் படும்போது ஷாக் அடிக்கும். மூன்று பின் பிளக் இருந்தால் மட்டும் போதாது. அந்த மூன்றாவது துளையின் பின்னால் உண்மையிலேயே எர்த் கம்பி இருக்கிறதா என்று எலக்ட்ரீஷியனை வைத்துப் பார்த்துவிடுங்கள். பழைய வீடுகளில் பல இடங்களில் அது பெயருக்கு மட்டும் இருக்கும்.

ஸ்பீக்கர் இல்லாமல் ஆம்ப்பை ஒருபோதும் ஓட்டாதீர்கள், அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மர் போய்விடும். தனியாக வீட்டில் இருக்கும்போது மின்சாரம் ஓடும் ஆம்ப்புக்குள் அளவெடுக்காதீர்கள். இதுவரை வால்வு ஆம்ப் எதையும் திறந்ததே இல்லையென்றால், முதல் தடவை தெரிந்த ஒருவர் பக்கத்தில் நிற்கட்டும்.

என்னென்ன வாங்க வேண்டும்

ரெசிஸ்டர்கள் அரை வாட் அல்லது ஒரு வாட் மெட்டல் ஃபிலிம். கால் வாட் ரெசிஸ்டர் வெப்பத்தைத் தாங்கினாலும் அதன் மின்னழுத்தத் தாங்குதிறன் பிளேட் பக்கத்துக்குப் போதாது. பிளேட்டுக்கும் அடுத்த நிலைக்கும் நடுவில் வரும் கெப்பாசிட்டர்கள் 630 வோல்ட் ஃபிலிம் வகை. பிகோஃபாரட் கெப்பாசிட்டர்கள் 500 வோல்ட் அல்லது அதற்கு மேல், சில்வர் மைக்கா என்றால் நல்லது. கேத்தோடு கெப்பாசிட்டருக்கு 50 வோல்ட் போதும். இவற்றில் பெரும்பாலானவை சென்னை ரிச்சி தெரு போன்ற இடங்களில் கிடைத்துவிடும். கடையில் கண்டன்சர் என்று கேளுங்கள், மேலே அச்சிட்டிருக்கும் எண்ணைச் சொல்லியும் கேட்கலாம்: 101 என்றால் 100 பிகோஃபாரட், 471 என்றால் 470, 102 என்றால் 1000 பிகோஃபாரட். 222 என்றால் 0.0022 மைக்ரோஃபாரட், 223 என்றால் 0.022, 684 என்றால் 0.68.

இதோடு 60/40 ஈயம், ஈயம் உறிஞ்சும் செப்புப் பின்னல், வெப்பத்தைக் கட்டுப்படுத்தும் சால்டரிங் அயர்ன், உலர்ந்த மூங்கில் குச்சி ஒன்று. அப்புறம் சீரிஸ் பல்பு போர்டு, அதாவது ஆம்ப்புக்குப் போகும் மின்சாரம் ஒரு பல்பு வழியாகப் போகும்படி செய்த பலகை. நம் ஊர் ரேடியோ ரிப்பேர் கடைகளில் தலைமுறைகளாக இருக்கும் அந்த 100 வாட் குண்டு பல்பு போர்டுதான். வேலை முடிந்து முதல் தடவை மின்சாரம் கொடுக்கும்போது ஆம்ப்பைக் காப்பாற்றுவது அதுதான்.

இடங்களைக் கண்டுபிடிப்பது

2204-இன் அச்சுப் பலகை எல்லா வருடத்திலும் ஒரே மாதிரி இல்லை. ஏதோ ஒரு படத்தைப் பார்த்து "இடமிருந்து மூன்றாவது ரெசிஸ்டர்" என்று போகாதீர்கள். மின்னூட்டம் காலியான ஆம்ப்பில் வால்வுகளைக் கழற்றிவிட்டு மீட்டரை ஓம் நிலையில் வையுங்கள். உள்ளீட்டுப் பக்கம் இருக்கும் முதல் வால்வு சாக்கெட்டின் 3-ஆம் பின்னையும் 8-ஆம் பின்னையும் சேஸிஸுக்கு அளந்து பாருங்கள். இரண்டும் கேத்தோடுகள். ஒன்றில் 2.7 கிலோஓம் காட்டும், அதுதான் முதல் நிலை. மற்றதில் 10 கிலோஓம், அது இரண்டாம் நிலை. இரண்டாவது வால்வில் 820 ஓம் காட்டுவது மூன்றாம் நிலை. 100 கிலோஓம் காட்டினால் அது கேத்தோடு ஃபாலோயர். இந்த எண்கள் வராவிட்டால் உங்களுக்கு முன்னால் யாரோ வேலை பார்த்திருக்கிறார்கள். முதலில் மூல மதிப்புகளுக்குத் திருப்பி, கேட்டுப் பார்த்துவிட்டு மேலே போங்கள்.

பலகையின் படத்தை நாலைந்து கோணத்தில் போனில் எடுத்துவையுங்கள். வால்வுகளைத் திரும்பப் போட்டு, ஸ்பீக்கரையும் மாட்டி, காலி செய்யும் ரெசிஸ்டரை எடுத்துவிட்டு மின்சாரம் கொடுத்து, எல்லா கேத்தோடு, பிளேட் மின்னழுத்தங்களையும் ஒரு நோட்டில் எழுதிக்கொள்ளுங்கள். கேத்தோடு வோல்ட்டை அதன் ரெசிஸ்டரால் வகுத்தால் அந்த நிலையின் மின்னோட்டம் கிடைக்கும். 2.7 கிலோஓமில் 2 வோல்ட் இருந்தால் 0.74 மில்லிஆம்பியர். பின்னால் ஏதாவது தப்பாகத் தெரிந்தால் இந்தப் பக்கம்தான் உங்களுக்கு வழிகாட்டும்.

முதல் படி: சால்டரிங் இல்லாமல்

முதல் வால்வை மட்டும் மாற்றிக் கேளுங்கள். 5751-இன் பெருக்குக் காரணி 70, 12ஏஒய்7-க்கு 45-ஐ ஒட்டி. பின் அமைப்பு 12ஏஎக்ஸ்7-க்கு இருப்பதேதான், அப்படியே சொருகலாம். கெயின் கொஞ்சம் குறைந்தால் போதும் என்று நினைப்பவர்களுக்கு இதோடு வேலை முடிந்துவிடும். கெயின் கூட வேண்டும் என்று நினைப்பவர்களும் இதைச் செய்து பார்க்க வேண்டும். கெயின் குறைந்தபோது சத்தம் உங்களுக்கு அதிகம் பிடித்துவிட்டால், உங்களுக்குத் தேவை கெயின் அல்ல, தெளிவு.

இரண்டாம் படி: பிரைட் கெப்பாசிட்டர்

இந்த ஆம்ப்பில் ஒரே ஒரு மாற்றம்தான் செய்யலாம் என்று யாராவது என்னைக் கட்டுப்படுத்தினால் இதைத்தான் செய்வேன். கெயின் கண்ட்ரோலின் மேல் இருக்கும் 1000 பிகோஃபாரட், கண்ட்ரோல் 10-இல் இருக்கும்போது எதுவும் செய்யாது. இரண்டு முனைகளும் அப்போது ஒன்றாகிவிடுகின்றன. ஆனால் 4, 5-இல் வைத்தால், மேல் பாதியில் 850 கிலோஓம் அளவு தடை நிற்கும். சுமார் 190 ஹெர்ட்ஸுக்கு மேல் உள்ள எல்லாம் அந்தத் தடையைச் சுற்றிக்கொண்டு கெப்பாசிட்டர் வழியாகப் பாய ஆரம்பிக்கும். அதனால்தான் இந்த ஆம்ப்பில் கெயினைக் குறைத்தால் சத்தம் சுத்தமாவதற்குப் பதில் மெலிந்து காதைக் குத்துகிறது.

100 பிகோஃபாரட் போட்டால் அதே இடத்தில் சத்தம் ஏறத் தொடங்குவது 1900 ஹெர்ட்ஸுக்கு மேல்தான். குறைந்த கெயினில் ஆம்ப் தடிமனாகவும், அதே சமயம் மங்காமலும் இருக்கும். முழுதாக எடுத்துவிடவும் செய்யலாம். ஒற்றைக் காயில் பிக்கப் கொண்ட கிட்டாருக்கு எடுத்துவிடுவது எனக்குப் பிடிக்கும், இரட்டைக் காயில் கொண்ட ஹம்பக்கருக்கு 100 அல்லது 220.

பலகையில் இருக்கும் உறுப்பை எடுக்கும்போது ஒரு விஷயம். துளையில் சூடு காட்டிக்காட்டி இழுத்தால் செப்புத் தடம் பெயர்ந்து வந்துவிடும். பழைய உறுப்பின் கால்களை உடலை ஒட்டி வெட்டுங்கள். நிற்கும் இரண்டு காலிலும் புது உறுப்பின் கால்களைச் சின்னக் கொக்கியாக வளைத்து மாட்டி ஈயம் வையுங்கள். பழையதைத் திரும்ப வைப்பதும் சுலபம். எடுத்த ஒவ்வொன்றையும் மதிப்பு எழுதிய சின்னக் கவரில் போட்டுவையுங்கள்.

மூன்றாம் படி: முதல் நிலையின் கேத்தோடு

0.68-ஐப் பற்றி மேலேயே சொல்லிவிட்டேன். இதை 1 மைக்ரோஃபாரட்டாக்கினால் ஏற்றம் தொடங்கும் இடம் 59 ஹெர்ட்ஸுக்கு இறங்கும். சின்ன அறையில், சின்ன ஸ்பீக்கரில் வாசிப்பவருக்கு அது இதமாக இருக்கும். அதற்கு மேலே போகாதீர்கள். மாறாக, கம்பியை டி, சி என்று இறக்கிக் கட்டி வாசிப்பவர் 0.47-க்கு இறக்கலாம், அடிகள் இன்னும் பிரிந்து கேட்கும்.

இதே வேலையை இன்னொரு இடத்திலும் செய்யலாம். முதல் நிலைக்குப் பின் வரும் 0.022 கெப்பாசிட்டர், 5 ஹெர்ட்ஸ் வரை எல்லாவற்றையும் விடுகிறது. கிட்டாருக்கு அது தேவையே இல்லை. அதை 0.0022 ஆக்கினால் வெட்டு 48 ஹெர்ட்ஸுக்கு வரும். பெரிதாகப் பாஸ் குறையாது, அதற்கும் கீழே தேவையில்லாமல் ஆடும் உள்ளங்கை உதறலும் பிக்கப் அதிர்வும் நின்றுவிடும். இரண்டாம் நிலைக்குப் பின்னும் இதையே செய்தால் வெட்டு சுமார் 70 ஹெர்ட்ஸ். இரண்டையும் சேர்த்துச் செய்வதற்கு முன் ஒன்றைச் செய்து ஒரு வாரம் வாசித்துப் பாருங்கள்.

நான்காம் படி: நடுவில் கழியும் சத்தம்

உண்மையாகவே கெயின் கூட வேண்டும் என்றால் நான் முதலில் கை வைப்பது இங்கே. மூன்றாம் நிலையின் முன்னால் இரண்டு 470 கிலோஓம்கள் சத்தத்தைப் பாதியாக்குகின்றன. நிலத்துக்குப் போகும் 470-ஐ 1 மெகாஓம் ஆக்கினால் 0.5 என்பது 0.68 ஆகிறது. 2.7 டெசிபல் கூடும். வால்வின் இயங்குநிலை எதுவும் மாறவில்லை, குணம் கெடவில்லை. ஆறு மாதம் கழித்து வேண்டாம் என்று தோன்றினாலும் ஒரே ஒரு ரெசிஸ்டர்.

இங்கேயும் கெயின் கண்ட்ரோலுக்கு முன்னும் இருக்கும் 470 பிகோஃபாரட்கள், 720 ஹெர்ட்ஸுக்கு மேலே உள்ளவற்றை 470 கிலோஓமைச் சுற்றி அனுப்புகின்றன. சத்தம் தேனீக்கூட்டம் மாதிரி இரைந்தால் இரண்டாவது ஜோடியில் உள்ள கெப்பாசிட்டரை 220-க்கு இறக்கிப் பாருங்கள். அங்கே கழிந்தால் மூன்றாம் நிலை மென்மையாக உடையும்.

ஐந்தாம் படி: 10 கிலோஓம்

இந்த ஆம்ப்பின் குரல் குடியிருப்பது இங்கேதான், அதனால் கொஞ்சம் நிதானமாகச் சொல்கிறேன். சாதாரண நிலைகளில் கேத்தோடு ஒன்று அல்லது இரண்டு வோல்ட்டில் நிற்கும். 10 கிலோஓம் இருக்கும் நிலையில் மூன்று வோல்ட்டை ஒட்டி நிற்கும். வால்வு ஏறக்குறைய அணைந்த நிலையில் காத்திருக்கிறது என்று பொருள். கிரிடில் வரும் அலை கீழ்நோக்கிப் போனால் வால்வு சீக்கிரமே முழுக்க அணைந்து அலையின் ஒரு பக்கம் வெட்டுப்படுகிறது. மேல்நோக்கிப் போகும் பக்கம் தாராளமாக வளர்கிறது. இந்தச் சமச்சீரின்மைதான் மார்ஷலின் அந்தக் கரகரப்பான கடி.

ஒரு கிட்டார் 100 மில்லிவோல்ட் தருகிறது என்று வையுங்கள். முதல் நிலை அதை 6 வோல்ட் ஆக்குகிறது. கெயின் 10-இல் இரண்டாம் நிலைக்குச் சுமார் 4 வோல்ட் வந்து சேர்கிறது. மூன்று வோல்ட்டில் நிற்கும் நிலைக்கு அது தாராளம். ஆம்ப் முதலில் உடைவது இங்கேதான். இதன் கெயின் எட்டரைதான் என்பது பலவீனம் அல்ல, அடுத்த நிலையை அளவோடு வைத்திருப்பதே அதுதான். 1987-இல் வந்த சொல்டானோ எஸ்எல்ஓ-100 இதே உத்தியை இன்னும் இழுத்து, இப்படிப்பட்ட ஒரு நிலையில் 39 கிலோஓம் வைத்தது. அந்த ஆம்ப்பில் கெயினுக்குக் குறைவில்லை.

ஆகவே 10 கிலோஓமை 1.5-ஆகவோ 2.7-ஆகவோ மாற்றச் சொல்லும் ஆலோசனையை நான் ஏற்பதில்லை. 2.7 போட்டால் எட்டரை டெசிபல் கூடும், ஆனால் கடி போய்விடும், மூன்றாம் நிலையின் கிரிட் அளவுக்கு மீறி அடிபட்டு ஒவ்வொரு அடிக்குப் பின்னும் மூச்சடைத்து மீளும். ஆசை விடவில்லையென்றால் ஒரு சின்ன சுவிட்ச் வழியாக 8.2 கிலோஓமை 10-க்கு இணையாக இணையுங்கள். மொத்தம் 4.5 கிலோஓம் ஆகும், ஐந்து டெசிபலுக்குக் கொஞ்சம் மேல் கூடும். சுவிட்சை மாற்றும்போது டப்பென்று சத்தம் வரும், ஆகவே ஸ்டாண்ட்பையில் வைத்து மாற்றுங்கள். என் அனுபவத்தில் இந்தச் சுவிட்சைப் போட்டுக்கொண்டவர்கள் கொஞ்ச நாளில் 10-க்கே திரும்பி அங்கேயே விட்டுவிடுகிறார்கள்.

மின்சாரம் கொடுத்துச் சோதிப்பது

சீரிஸ் பல்பு வழியாகக் கொடுங்கள். ஸ்பீக்கர் மாட்டியிருக்க வேண்டும், மாஸ்டர் பூஜ்ஜியத்தில். பல்பு ஒரு கணம் பளிச்சென்று எரிந்து மங்க வேண்டும். மங்காமல் எரிந்துகொண்டே இருந்தால் எங்கோ ஷார்ட், உடனே அணையுங்கள். எல்லாம் சரியென்றால் நேரடி மின்சாரத்துக்கு மாற்றி, நோட்டில் எழுதிய வோல்ட்டுகளோடு ஒப்பிடுங்கள். கேத்தோடு ரெசிஸ்டரைத் தொடாத நிலைகளில் எண்கள் பழையபடியே இருக்க வேண்டும்.

பிறகு கிட்டாரின் வால்யூமைப் பூஜ்ஜியத்தில் வைத்து, கெயின், டிரெபிள், பிரசன்ஸ் மூன்றையும் 10-இல் வைத்து, மாஸ்டரை மெதுவாக ஏற்றுங்கள். உஸ் என்ற இரைச்சல் இயல்பு. விசில், உறுமல், திடீரென்று சத்தம் அமுங்குவது, சுரத்தின் கீழே இன்னொரு பேய்ச்சுரம் கேட்பது, இவையெல்லாம் ஆம்ப் தானே அலைபாய்கிறது என்பதற்கு அடையாளம். மூங்கில் குச்சியால் கிரிட் வயர்களை மெல்ல நகர்த்திப் பாருங்கள். ஒரு வயரை நகர்த்தும்போது விசில் மாறினால் குற்றவாளி அதுதான். கிரிட் வயரும் பிளேட் வயரும் ஒட்டி ஓடக்கூடாது, குறுக்கே கடந்தால் பரவாயில்லை. கெயின் கண்ட்ரோலுக்குப் போகும் வயரை ஷீல்டு வயராக மாற்றி, ஷீல்டை ஒரு முனையில் மட்டும் நிலத்தோடு இணையுங்கள்.

68 கிலோஓம் ரெசிஸ்டர் உள்ளீட்டு ஜாக்கில் இருந்தால், அதை வால்வு சாக்கெட்டின் கிரிட் பின்னுக்கே கொண்டுவந்துவிடுங்கள். வானொலி நிலையம் கேட்கும் ஆம்ப்புக்கு இதுதான் மருந்து. அதற்கும் மசியாத விசிலுக்கு, மூன்றாம் நிலையின் 100 கிலோஓம் பிளேட் ரெசிஸ்டருக்கு இணையாக 100 பிகோஃபாரட். அங்கே 470 வரை ஏற்றலாம், ஆனால் 470-இல் சுமார் 5700 ஹெர்ட்ஸுக்கு மேல் வெட்டத் தொடங்கிவிடும், பளபளப்பு குறையும்.

ஒப்பிட்டுக் கேட்கும்போது ஒரு எச்சரிக்கை. கெயின் கூடினால் சத்தமும் கூடும், சத்தம் கூடிய எதுவும் காதுக்கு நன்றாகத்தான் தோன்றும். மாஸ்டரால் இரண்டையும் ஒரே அளவுக்குக் கொண்டுவந்த பிறகே தீர்ப்புச் சொல்லுங்கள். மாற்றுவதற்கு முன் ஒரே ரிஃபைப் போனில் பதிந்து வைத்து, மாற்றிய பிறகு அதே இடத்தில் போனை வைத்துப் பதியுங்கள். ஒரு நாளைக்கு ஒரு மாற்றம் போதும். களைத்த காது எல்லாவற்றையும் சரி என்று சொல்லிவிடும்.

முடிந்ததும் ஒரு சின்னத் தாளில் தேதி, எந்த உறுப்பு, பழைய மதிப்பு, புதிய மதிப்பு எல்லாவற்றையும் எழுதுங்கள். அந்தத் தாளையும் பழைய உறுப்புகள் இருக்கும் கவர்களையும், வால்வின் சூடு படாமல், சேஸிஸுக்கு வெளியே கேபினெட்டின் உட்புறத்தில் ஒட்டிவையுங்கள். நான் திறந்த அந்த ஆம்ப்பில் அப்படி ஒரு தாள் இருந்திருந்தால் அரை நாள் தேடல் பத்து நிமிடத்தில் முடிந்திருக்கும்.